எடை, நிறை, வெயிட்டு

வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. பிடோக் நார்த்தில், எங்கள் புளோக்கின் ஒன்பதாவது மாடியில் ஒரு சின்னப் பரீட்சை நடக்கிறது. பரீட்சை வைப்பவர் என் மாமனார். எழுதுபவள் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள். மறுநாள் காலை தமிழ் வகுப்பில் சொல்வதெழுதுதல். அதற்கான ஒத்திகைதான் இது.

"தராசு" என்றார் மாமனார். எழுதினாள். "கூடை." எழுதினாள். "வியாபாரி." கொஞ்சம் யோசித்து, ஒரு தடவை அழித்து, எழுதினாள். அடுத்த சொல்லில்தான் வம்பு வந்தது. பட்டியலில் இருந்தது 'பழம்'. தென்காசிப் பக்கத்து நாக்கு அதைப் 'பளம்' என்றது. காதில் விழுந்ததை அவள் அப்படியே எழுதினாள்: பளம்.

"கண்ணு, அது சிறப்பு ழ" என்றேன்.

"தாத்தா 'ள'ன்னுதானே சொன்னாங்க?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல எப்பவும் வாளப்பளம்தான்டா. பரீட்சைக்கு மட்டும் வாழைப்பழம்."

பத்துச் சொல்லில் ஒன்று தவறு. அந்த ஒன்றும் அவள் தவறில்லை. கேட்டதைச் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

பிள்ளைகள் வாரந்தோறும் பள்ளியில் என்னதான் படிக்கிறார்கள் என்று எழுத நினைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் 'பளம்'தான். பாடத்திட்ட ஆவணங்களைப் படித்தால் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிக் கல்வி பளபளவென்று இருக்கும். பிள்ளையிடம் கேட்டால் அதற்கு நேர்மாறு. "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன படிச்சே?" என்று நானும் மூன்று வருடமாகக் கேட்கிறேன். பதில் எப்போதும் ஒரே சொல்: "நத்திங்." உணவு இடைவேளையில் யார் அழுதார்கள், யாருடைய தண்ணீர்ப் பாட்டில் எங்கே உருண்டது என்பதெல்லாம் விலாவாரியாக வரும். பாடம் மட்டும் வராது.

அதனால் இந்த ஆண்டு வேறு வழி பிடித்தேன். சனிக்கிழமை காலையில் அவள் தூங்கி எழுவதற்குள் பையில் இருக்கும் கோப்புகளை எடுத்து, ஒரு வாரத்துத் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பிவிடுவது. ஒரு தவணைக்குப் பத்து வாரம், ஆண்டுக்கு நான்கு தவணை, ஆக நாற்பது வாரம். நடுவில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் தேதி எழுதுவதற்கு ஒரு கோடு இருக்கும். பாதித் தாள்களில் தேதி இருக்காது, பூனைப் படம் இருக்கும்.

இப்படிப் பரப்பிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் காலத்தில் பிள்ளை என்ன படிக்கிறது என்பதை மதிப்பெண் சொல்லிவிடும். அரையாண்டுத் தேர்வு, ஆண்டிறுதித் தேர்வு, சிவப்பு மையில் ஓர் எண், வீட்டில் அதற்கேற்ற வானிலை. இப்போது அது அந்த அளவுக்கு இல்லை. தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு 2019 முதல் மதிப்பெண் சேரும் தேர்வே கிடையாது. அரையாண்டுத் தேர்வுகளைப் படிப்படியாகக் குறைத்து, 2023ல் எல்லா வகுப்புகளிலும் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எண்ணைப் பார்த்துப் பழகிய பெற்றோருக்குக் கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை யார் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று பிடோக் நகர மையத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் தெரியும். மாடிக்கு மாடி துணைப்பாட நிலையங்கள். 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவு ஆய்வுப்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஓராண்டில் செலவழித்தது சுமார் 180 கோடி வெள்ளி. தேர்வு குறைந்தது, துணைப்பாடம் குறையவில்லை. நானும் யோக்கியன் இல்லை, கணிதத்துக்கு ஒரு நிலையத்தில் விசாரித்துவிட்டு வந்தவன்தான். பதினேழு பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். மனைவி அந்தத் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.

சரி, தாள்களுக்கு வருவோம். 'பளம்' நடந்த அதே வாரத்துத் தாள்கள்.

கணிதத்தில் அந்த வாரம் எடை. ஆங்கிலத்தில் அந்தப் பாடத்தின் பெயர் 'மாஸ்'. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் 'வெயிட்' என்று எழுத மாட்டார்கள். கிலோகிராமும் கிராமும் வரும் இடமெல்லாம் 'மாஸ்'தான். ஒரு தர்பூசணியின் 'மாஸ்' 2 கிலோ 450 கிராம், ஒரு பப்பாளி அதைவிட 800 கிராம் குறைவு, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? இந்தக் கணக்கை அவள் எண்களால் போடவில்லை. முதலில் ஒரு நீளமான செவ்வகம் வரைந்தாள், தர்பூசணி. அதன் கீழே கொஞ்சம் குட்டையாக இன்னொன்று, பப்பாளி. குறையும் துண்டைப் புள்ளிக்கோட்டால் காட்டி அதன்மேல் 800 என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி, அதில் கேள்விக்குறி. அதற்குப் பிறகுதான் கழித்தல், கூட்டல்.

இதுதான் உலகம் முழுக்க 'சிங்கப்பூர்க் கணிதம்' என்று புத்தகம் போட்டு விற்கும் சங்கதியின் நெஞ்சுக்கூடு. எழுபதுகளில் இங்கே பல பிள்ளைகள் எழுத்துக்கணக்கு என்றாலே திணறினார்கள். கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், எப்போது எதைச் செய்வது என்று தெரியாது. 1980ல் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் அமைந்தபோது, கோ தெக் ஹோங் தலைமையிலான கணிதக் குழு இந்தக் கட்டம் வரையும் முறையை வளர்த்தெடுத்தது. முதலில் கையில் தொட்டுப் பார்க்கும் பொருள், அடுத்து படம், கடைசியில் எண்ணும் குறியும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன கற்றல் படிகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்த வேலை அது. பலன் தெரிந்ததே. 2023ஆம் ஆண்டு அனைத்துலகக் கணித, அறிவியல் ஆய்வில் சிங்கப்பூரின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் 615 புள்ளியும் அறிவியலில் 607 புள்ளியும் பெற்று உலகில் முதலிடத்தில் நின்றார்கள்.

மாமனாருக்கு இந்தக் கட்டம் பிடிக்காது. "எக்ஸ்னு வச்சுக்கிட்டா ரெண்டு வரியில முடிஞ்சுடுமே மாப்ளே" என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் எட்டு வயதில் எக்ஸ் என்பது ஒரு மந்திரம், கட்டம் என்பது கண்ணுக்குத் தெரியும் பப்பாளி. அன்றைக்கும் எட்டிப் பார்த்தார். தாளின் தலைப்பை வாசித்தார். "மாஸ்னா நிறை" என்றார்.

"எடைதானே தாத்தா? நாளைக்கு டிக்டேஷன்ல இருக்கு, எடை."

"எடை வேற, நிறை வேற. நிலாவுக்குப் போனா உன் எடை குறையும், நிறை குறையாது. எங்களுக்குத் தமிழ்லயே அறிவியல் சொல்லிக்கொடுத்தாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொலைபேசியைப் பார்த்தேன். மாமனார் சொன்னது சரி. தமிழ்நாட்டு அறிவியல் பாடநூல்களிலும் இந்த வேறுபாடு இப்படித்தான் இருக்கிறது. ஆக, ஒரே வாரத்தில், ஒரே பப்பாளிக்கு, கணித ஆசிரியர் 'மாஸ்' என்கிறார், தமிழாசிரியர் 'எடை' என்கிறார், தாத்தா 'நிறை' என்கிறார். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் பேசிவைத்துக்கொண்டு அந்த வாரத்தில் எடையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். தமிழ்ப் பாடம் சந்தைக்குப் போவது பற்றி, அதனால் தராசும் எடையும் வந்தன. கணிதத்தில் அளவைகள் வந்த வாரம் தற்செயலாக அதே வாரம். இப்படித் தற்செயலாக இரண்டு பாடங்கள் மோதும் இடத்தில்தான் பிள்ளைக்கு ஏதோ பற்றிக்கொள்கிறது என்பது என் சந்தேகம்.

அறிவியலைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். இங்கே அறிவியல் தொடக்கநிலை மூன்றில்தான் தொடங்குகிறது. பல்வகைமை, சுழற்சி, அமைப்பு, இடைவினை, ஆற்றல் என்று ஐந்து பெருந்தலைப்புகள். உயிருள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்து, வண்ணத்துப்பூச்சி வழியாகக் காந்தத்துக்கு வந்து சேர்வார்கள். எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு வாரம் முழுக்க எதெது ஒட்டும், எதெது ஒட்டாது என்ற ஆராய்ச்சி நடந்தது. என் பழைய கடிகாரம் ஒட்டியது. பிறகு ஓடவில்லை.

தமிழ்த் தாள்கள்தான் மேசையில் அதிக இடம் பிடித்தன, இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

பள்ளியில் தமிழ் நேரம் எப்படித் தொடங்கும் என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்களுக்குச் சொன்னால் வியப்பார்கள். மணி அடித்ததும் வகுப்பு மூன்றாகப் பிரியும். சீனம் படிப்பவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மலாய் படிப்பவர்கள் ஒரு பக்கம், தமிழ் படிப்பவர்கள் ஒரு பக்கம் கோப்பையும் பென்சில் பெட்டியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். வகுப்புக்கு மூன்று பேர், நான்கு பேர். மாடிப்படியில் பக்கத்து வகுப்பு நால்வர் சேர்ந்துகொள்வார்கள், அடுத்த திருப்பத்தில் இன்னும் சிலர். தமிழறைக்கு வந்து சேரும்போது ஒரு வகுப்பு உருவாகியிருக்கும். என் மகளின் நெருங்கிய தோழி அவள் வகுப்புத் தோழி இல்லை, மாடிப்படித் தோழி. நானும் முப்பது வருடத்துக்கு முன் இதே நடையை நடந்தவன். அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய நாளின் சுதந்திரம். தாமதமாக வந்தால் ஆசிரியருக்குச் சொல்லப் படிக்கட்டு நீளம் என்ற காரணம் எப்போதும் கையில் இருக்கும்.

அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருடைய வீட்டுமொழியும் தமிழில்லை. இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தையும் தமிழுக்குப் பதிலாகத் தாய்மொழிப் பாடமாக எடுக்கலாம். தெலுங்கும் மலையாளமும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் இந்திக்குப் போகிறார்கள், சிலர் தமிழுக்கு வருகிறார்கள். என் மகளின் மேசைக்கு எதிர்மேசைப் பையன் வீட்டில் தெலுங்கு. அவனுக்குச் சிறப்பு ழ எங்கள் வீட்டுப் பெண்ணைவிட நன்றாக வருகிறது என்பதை மாமனாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தமிழ் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் அது 3.3. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3லிருந்து 48.3க்கு ஏறியது. மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழறைக்குள் வரும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் என்பது தாத்தா பாட்டியின் மொழி, கோயில் மொழி, தொலைக்காட்சி மொழி. சண்டை போடும் மொழி ஆங்கிலம்.

இந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது? இதுதான் இருபது வருடமாக ஓடும் விவாதம். நம் மொழிக்கு இரண்டு உடுப்பு. எழுத்தில் 'நேற்று கடைக்குச் சென்றேன்', வாயில் 'நேத்து கடைக்குப் போனேன்'. தமிழ் ஒலிக்கும் வீட்டில் வளரும் பிள்ளை பேச்சுத்தமிழோடு பள்ளிக்கு வரும், பள்ளி எழுத்துத்தமிழைக் கொடுக்கும். ஆங்கிலம் ஒலிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் உடுப்பே இல்லை. அதற்கு நேரடியாக இரண்டாவதை மாட்டிவிட்டால் என்ன ஆகும்? பாட்டியிடம் போய் "நான் உணவு உண்டேன்" என்று சொல்லும். பாட்டி சிரிப்பார். பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். இப்படி எத்தனையோ வாய்கள் மூடின.

2005ல் பேராசிரியர் ச. கோபிநாதன் தலைமையிலான தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொச்சை இல்லை, சாதி வட்டார அடையாளம் தூக்கலாகத் தெரியும் பேச்சும் இல்லை. படித்தவர்கள் பொது இடத்தில் பேசும் இயல்பான பேச்சுத்தமிழ். அப்போது நான் கல்லூரி மாணவன். இது தமிழைக் கெடுக்கும் வேலை என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது நன்றாக நினைவிருக்கிறது. கைதட்டல்கூடக் கிடைத்தது. இன்று என் மகளின் பயிற்சித் தாளைப் பார்க்கும்போது அந்தக் கைதட்டல் கூச்சமாக இருக்கிறது. தாளில் ஒரு படம்: சந்தையில் ஒரு பாட்டி கூடையைத் தவறவிடுகிறார், பழங்கள் உருள்கின்றன. இதைப் பற்றித் தோழியோடு பேச வேண்டும். அவள் எழுதிவைத்திருந்த குறிப்பு: "பாட்டி பாவம். நான் ஓடிப் போய் எடுத்துக் குடுப்பேன்." இதையே என்னிடம் எட்டு வயதில் கேட்டிருந்தால் 'அம்மூதாட்டிக்கு உதவுவேன்' என்று எழுதியிருப்பேன். நிஜத்தில் ஒரு பாட்டியின் கூடை கவிழ்ந்தால் அவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஆங்கிலத்தில் முணுமுணுத்திருப்பேன்.

ஆறாம் வகுப்பில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வும் இதற்கேற்ப மாறிவிட்டது. தமிழ்த் தேர்வில் வாய்மொழிக்கும் கேட்டலுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மதிப்பெண். ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு பேச வேண்டும். மற்றது எழுத்துத் தாள். அதில் வரும் பகுதிகளின் பெயர்கள் தனி இலக்கியம். இடைவெளியை நிரப்பும் பயிற்சி ஒன்றுக்கு 'முன்னுணர்வுக் கருத்தறிதல்' என்று பெயர். பயிற்சியைச் சரியாகச் செய்துவிடும் பிள்ளைகள் அதன் பெயரைச் சொல்லச் சொன்னால் தடுமாறுகிறார்கள். ஒரு நாள் என் மகள் அதை 'முன்னூறு கருத்து' என்றாள். எனக்கு அது இன்னும் பொருத்தமாகப் பட்டது.

தமிழாசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் பாடம் மட்டுமல்ல, தொடக்கப்பள்ளியில் நன்னெறிப் பாடமும் தாய்மொழியில்தான், அதுவும் அவர்கள் தலையில்தான். பொய் சொல்லாதே, வரிசையில் நில், தாத்தா பாட்டியை மதி என்பதெல்லாம் தமிழில் வருகிறது. இதில் ஒரு நல்லதும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. நல்லது, பண்பும் மொழியும் ஒன்றாகக் கை கோத்து வருகின்றன. ஆபத்து, காந்தமும் கட்டமும் வேடிக்கையும் ஆங்கிலத்திலும், அறிவுரை எல்லாம் தமிழிலும் வந்தால், தமிழ் என்றாலே யாரோ விரலை நீட்டிப் பேசுவது என்று பிள்ளை நினைத்துவிடும். கெட்டிக்கார ஆசிரியர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். என் மகளின் ஆசிரியர் நன்னெறிப் பாடத்தில் பிள்ளைகளை நடிக்க வைக்கிறார். வரிசையில் இடையே நுழையும் ஆள் வேடத்துக்கு ஏகப்பட்ட போட்டியாம்.

மாமனார் படித்த காலத்தில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வேறு சிக்கல்கள் இருந்தன. 1960ல் தொடக்கப்பள்ளியிலும் 1966ல் உயர்நிலைப் பள்ளியிலும் இரண்டாம் மொழி கட்டாயமானது. அறுபதுகளின் நடுவில் அவர் உமறுப்புலவர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தார். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் தொடங்கிய பள்ளி அது. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி. கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் தமிழில். நிறையும் எடையும் அங்கே கற்றவைதான். ஆனால் படித்து முடித்து வேலைக்குப் போனால் ஆங்கிலம் கேட்டார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றத் தொடங்கினார்கள். மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 1982ல் பள்ளி மூடப்பட்டது. 1987ல் நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி ஆனது. உமறுப்புலவரின் பெயர் மட்டும் தமிழ்மொழி நிலையமாக நிலைத்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இன்று அது இருக்கிறது.

"அந்தப் பள்ளிக்கூடம் மூடினப்ப வருத்தமா இருந்துச்சா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "இருந்துச்சு. ஆனா உன் பொண்டாட்டிய இங்கிலீஷ் ஸ்கூல்லதானே சேர்த்தேன்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அவருக்கு அந்த நாள்களில் பள்ளியைத் தவிர இன்னொரு வகுப்பறையும் இருந்தது. 1935ல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, ஐம்பதுகளில் அதில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கென ஒரு களம் அமைத்தார். பிள்ளைகள் எழுதி அனுப்புவார்கள், அச்சில் பெயர் வரும். பின்னாளில் சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்களாக அறியப்பட்ட பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். மாமனார் அனுப்பியது நான்கு, அச்சானது ஒன்று. அந்தத் தாளைத் தொலைத்துவிட்டதற்கு மாமியாரை இன்றுவரை குறை சொல்கிறார். பள்ளியில் படித்த சொல் வீட்டையும் பள்ளியையும் தாண்டி ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வழி இருந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் இந்த வாரப் பட்டியல் முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்துக்குப் பத்து. வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சொற்கள் எங்கே போயின என்று அவற்றுக்கே தெரியாது. எட்டாவது வாரத்தில் ஒரு நாள், மூன்றாவது வாரத்துப் பட்டியலை எடுத்து அவளிடம் கேட்டுப் பார்த்தேன். பத்தில் மூன்றுதான் தேறியது. தேறிய மூன்றும் என்ன? ஒன்று 'குடை', தினம் மழையில் தேவைப்படுவது. இன்னொன்று 'அவசரம்', அது அவள் அம்மா காலையில் பத்துத் தடவை சொல்வது. மூன்றாவது 'பிடிவாதம்'. அது நான் அவளைப் பற்றிச் சொல்வது. மற்ற ஏழு சொற்களும் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராதவை. ஆசிரியர் நாற்பது வாரத்தில் நானூறு சொல் கொடுத்தாலும், அதில் நாங்கள் எத்தனையைப் புழங்கினோமோ அத்தனைதான் தங்கும் போலிருக்கிறது. இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வீடு, ஒரு பிள்ளை, பத்துச் சொல்.

அதனால் 'பளம்' வாரத்துச் சனிக்கிழமை, பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளோடு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் புறப்பட்டேன். பிடோக் நார்த்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வரைபடத்தில் ஒரே ரயில் தடம்தான், டௌன்டவுன் தடம். ஆனால் அது நகரத்தையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். விவரம் தெரிந்தவர்கள் ஏழாவது நிலையமான ஜாலான் புசாரில் இறங்கி நடந்துவிடுவார்கள். ரயிலில் அவள் நிலையப் பெயர்களைத் தமிழில் வாசித்துக்கொண்டு வந்தாள். காக்கி புக்கிட், ஊபி, மெக்பர்சன், மத்தார். ஊபி என்றால் மலாயில் கிழங்கு என்று அவளாகவே சொன்னாள். பள்ளியில் மலாய்த் தோழி சொல்லியிருக்கிறாள். நானும் என் பங்குக்குப் பிடோக் என்ற பெயரே பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்க அடிக்கும் பெரிய முரசான 'பெடோக்'கிலிருந்து வந்தது என்பார்கள் என்றேன். "அப்ப நாம டிரம்ல இருக்கோமா?" என்று ஒரு மெக்பர்சன் தூரம் சிரித்தாள்.

பஃப்ளோ சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். முருங்கைக்காய் கட்டுக்கட்டாக, வாழைப்பூ, சின்ன வெங்காயச் சாக்கு, கறிவேப்பிலை வாசம். ஒரு கடை முன்னால் நின்று பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தராசு? எங்கும் இல்லை, எல்லாம் எண் காட்டும் மின் தராசு. அதைத் தராசு என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பாடநூலில் இரண்டு தட்டு தொங்கும் படம் அல்லவா! கூடை இருந்தது, பிளாஸ்டிக்கில். வியாபாரி இருந்தார், சிவப்புப் பனியனில், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சோடு. பேரம் பேசலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன்.

ஒரு பப்பாளியைக் காட்டினாள். அவர் எடுத்துத் தராசில் வைத்தார். இவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வாய்மொழித் தேர்வுக்கு நிற்பதுபோல் நின்று, கேட்டாள்:

"இதோட எடை எவ்ளோ அங்கிள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னா பாப்பா?"

"எடை."

"ஓ, வெயிட்டா!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடைன்னு கேட்டு எத்தன நாளாச்சு. எங்க ஊர் ரேஷன் கடையில போர்டுல எளுதியிருப்பான்." எண்ணைப் பார்த்தார். "ஒன்னே முக்கால் கிலோ பாப்பா. போதுமா, இன்னொன்னு போடவா?"

தராசில் 1.750 என்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, முக்கால்னா?"

ஒரு கிலோவை நான்காகப் பிரித்து, அதில் மூன்று என்று விரலைக் காட்டிச் சொன்னேன். உடனே காற்றில் ஒரு கட்டம் வரைந்து, நான்காகப் பிரித்து, மூன்றுக்கு வண்ணம் அடித்தாள். "ஓ, திரீ குவார்ட்டர்ஸ்." வியாபாரி அதற்குள் பப்பாளியைப் பையில் போட்டு, இவளுக்கென்று ஒரு நெல்லிக்காயைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் இடம் கிடைத்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்து, பட்டியலில் பத்தாவது சொல்லுக்குக் கீழே பதினொன்று என்று எண் போட்டாள். 'முக்கா' வரை எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"எந்த ல் அப்பா?"

"சின்ன ல்" என்றேன். தாத்தாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று பென்சிலைப் பையில் வைத்தாள்.